டிவியில் வராத சொல்

என் மேஜையிலிருந்து லீக் டெஸ்ட் மெஷினுக்கு எண்ணி நூற்றி நாற்பது காலடி. ஒரு வருஷம், தினமும் இரண்டு தடவை, அந்த நூற்றி நாற்பது காலடியையும் ஒரு பென் டிரைவோடு நடந்தேன். நடந்ததில் தப்பில்லை. எதற்காக நடந்தேன் என்பதை நினைத்தால்தான் இன்றைக்கும் எரிச்சல் வரும்.

ஒரகடத்தில், வண்டிகளுக்கு அலுமினிய உறுப்புகள் செய்து கொடுக்கும் கம்பெனி அது. நான் குவாலிட்டியில் டிரெய்னி. லீக் டெஸ்ட் மெஷின் என்றால் பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. பீஸை உள்ளே வைத்து இறுக்கினால் மெஷின் அதில் காற்றை அடைக்கும். காற்று இறங்காவிட்டால் பீஸ் நல்லது, ஓகே. இறங்கினால் எங்கோ ஓட்டை இருக்கிறது, என்.ஜி. என்.ஜி. பீஸைப் பக்கத்திலிருக்கும் சிவப்புப் பெட்டியில் போட வேண்டும். ஒவ்வொரு பீஸுக்கும் மெஷின் ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் ஒரு வரி எழுதும். நேரம், பீஸ் நம்பர், வேலை செய்கிறவரின் டோக்கன் நம்பர், காற்று எவ்வளவு இறங்கியது, ஓகேயா என்.ஜி.யா, கடைசியில் குறிப்பு என்று ஒரு கட்டம். நடுவில் நடுவில் கமா. அவ்வளவுதான்.

அந்த ஃபைலைப் பென் டிரைவில் எடுத்து, என் கம்ப்யூட்டரில் போட்டு, பிரிண்ட் எடுத்து மேனேஜர் மேஜையில் வைக்க வேண்டும். அவர் அதன் மேல் டீ கிளாஸை வைப்பார். நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

"ஏம்மா, இத என் ரூம்ல இருந்தே பாக்க முடியாதா?" என்று ஒருநாள் அவரே கேட்டார். கம்ப்யூட்டர் பிரிவில் சொன்னேன். "அடுத்த வருஷம் பாக்கலாம்மா" என்றார்கள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும், அது ஊருக்கே தெரியும். அடுத்த வருஷமாவது, மண்ணாவது! பி.சி.ஏ. படித்தபோது ஒரு செமஸ்டர், வலைப்பக்கம் செய்கிற பி.எச்.பி. பாடம் இருந்தது. நானே செய்கிறேன் என்று வாயைக் கொடுத்துவிட்டேன்.

ஸ்டோரில் தூசி படிந்து கிடந்த ஒரு கம்ப்யூட்டரைக் கெஞ்சி வாங்கி, மெஷின் பக்கத்திலேயே வைத்துக் கேபிளில் இணைத்து, அதில் சர்வரை ஏற்றினேன். ஒருநாள் ஃபைலை மாதிரிக்கு எடுத்துக்கொண்டேன். ஃபைலைத் திற, படி, வலைப்பக்கத்தில் காட்டு. மூன்று வரி புரோகிராம். காட்டியது! ஆனால் ஆயிரத்துச் சொச்சம் வரிகளும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, குழைந்துபோன பொங்கல் மாதிரி ஒரே பத்தியாக வந்தன. டெக்ஸ்ட் ஃபைலில் வரி முடிந்து அடுத்த வரி தொடங்குவது பிரவுசருக்குத் தெரியாது. நாம்தான் சொல்ல வேண்டும். அதைக் கண்டுபிடிக்க ஒரு சாயங்காலம் போனது. பிறகு ஒவ்வொரு வரியாகப் படித்து, கமா வரும் இடத்தில் உடைத்து, அட்டவணையில் கட்டம் கட்டமாகப் போட்டேன். என்.ஜி. வரிக்குச் சிவப்பு நிறம். மேலே, எந்த டோக்கனுக்கு இன்றைக்கு எத்தனை என்.ஜி. என்று ஒரு கணக்கு. அரை நிமிஷத்துக்கு ஒரு தடவை பக்கம் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும். கடைசியிலிருந்த குறிப்புக் கட்டம் எல்லா வரியிலும் காலியாகவே இருந்தது. இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

மேனேஜர் பார்த்தார். மறுநாளே லைனுக்கு மேலே ஒரு பெரிய டிவியை மாட்டச் சொன்னார். காலை மீட்டிங்கில் என்னை முன்னால் கூப்பிட்டு எல்லாரையும் கைதட்டச் சொன்னார். "அடுத்த மாசம் இந்தப் பொண்ண கன்ஃபர்ம் பண்ணச் சொல்லி எழுதறேன்" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்குப் போகிற வழியில் வல்லக்கோட்டையில் இறங்கி, முருகனுக்குத் தேங்காய் உடைத்துவிட்டுத்தான் போனேன்.

அந்தக் கைதட்டலில் எல்லாரையும்விடச் சத்தமாகத் தட்டியது அக்கா. என் ஷிஃப்டில் லீக் டெஸ்ட் மெஷினை ஓட்டுகிறவர். டோக்கன் நம்பர் பதினேழு. பென்னலூர்க்காரர், ஆறு வருஷமாக கான்ட்ராக்ட். அவர் வீட்டுக்காரருக்குப் பெயின்ட் அடிக்கும் வேலை. மழை வந்தால் வேலை நின்றுவிடும். அக்காவின் வேலைதான் அந்த வீட்டுக்கு மழையிலும் நிற்காத வேலை. கம்பெனி பஸ்ஸில் எனக்கு ஜன்னலோரம் இடம் போட்டு வைப்பார். நான் யார் மீதாவது கத்திவிட்டு வந்து உட்கார்ந்தால், "உன்ன கட்டிக்கப்போறவன் ஹெல்மெட்டு போட்டுக்கினுதான்டி வூட்டுக்குள்ள வரணும்" என்பார். நான் வயதில் பத்து வருஷம் சின்னவள். ஆனாலும் அக்கா என்னோடு தோழி மாதிரிதான் பழகினார்.

இங்கே மாஸ்டர் பீஸைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வேண்டுமென்றே ஊசி முனை அளவு ஓட்டை போட்டு, சிவப்புப் பெயின்ட் அடித்து, ஒரு மரப்பெட்டியில் வைத்திருக்கும் கெட்ட பீஸ் அது. ஷிஃப்ட் தொடங்கும்போது சாவியைத் திருப்பி, மெஷினை மாஸ்டர் நிலைக்கு மாற்றி, அந்தக் கெட்ட பீஸை வைத்துப் பார்க்க வேண்டும். என்.ஜி. என்று வந்தால் மெஷின் சரியாக இருக்கிறது. ஓகே என்று வந்தால் மெஷினையே நம்ப முடியாது. பார்த்தபின் மெஷினில் தொங்கும் செக் ஷீட்டில் டிக் போட வேண்டும். அதன் கீழே, பார்த்தேன் என்று குவாலிட்டி ஆள் கையெழுத்துப் போட வேண்டும். குவாலிட்டி ஆள் நான்தான்.

எல்லா ஷிஃப்ட் ஷீட்டுகளிலும் டிக் இருக்கும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் மொத்தமாக என் மேஜைக்கு வரும். நானும் டீ குடித்துக்கொண்டே மொத்தமாகக் கையெழுத்துப் போடுவேன். எல்லாரும் அப்படித்தான் போடுவார்கள். எனக்கு முன்னால் இருந்தவரும் அப்படித்தான் போட்டார்.

டிவி மாட்டி மூன்று வாரம் இருக்கும். ஆர்டர் குறைந்தது. மூன்று ஷிஃப்டிலும் சேர்த்து லீக் டெஸ்டில் ஆறு பெண்கள். மாதக் கடைசியில் இரண்டு பேரை நிறுத்த வேண்டும் என்று பேச்சு வந்தது. யார் அந்த இரண்டு பேர் என்ற கேள்விக்கு மேனேஜரிடம் பதில் தயாராக இருந்தது. "அதான் டிவி இருக்கே. அதப் பாத்தே முடிவு பண்ணிடலாம்."

டிவியில் ஐந்து டோக்கன்களுக்கு நேரே என்.ஜி. பூஜ்யம். எப்போதாவது ஒன்று. பதினேழுக்கு மட்டும் தினம் மூன்று. ஒருநாள் விடாமல் மூன்று.

அதுகூடப் பெரிய குற்றமில்லை. கெட்ட பீஸ் வந்தால் ஓட்டுகிறவர் என்ன செய்வார்? ஆனால் சிவப்புப் பெட்டி காலியாக இருந்தது. மூன்று கெட்ட பீஸ் வந்தது என்று டிவி சொல்கிறது, பெட்டியில் ஒன்றுகூட இல்லை என்றால் என்ன அர்த்தம்? நல்ல பீஸோடு கலந்து அனுப்பிவிட்டார் என்று அர்த்தம். எங்கள் தொழிலில் அதைவிடப் பெரிய பாவம் கிடையாது.

சூப்பர்வைசர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், நல்ல மனுஷன். அவரே அன்றைக்குக் குரலை உயர்த்தினார். "என்னக்கா, மூணு என்.ஜி. காட்டுது, பெட்டில ஒண்ணையும் காணலையே! பீஸெல்லாம் எங்க போச்சி?"

"கெட்ட பீஸே வரல சார். வந்தா நான் இன்னா, துன்னவா போறேன்?"

"அப்ப டிவி பொய் சொல்லுதோ?"

அக்கா டிவியை அண்ணாந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "ஏய், மாஸ்டர் பீஸு போட்டா இதுல ஏறுமாடி?"

அந்த ஒரு நிமிஷத்தை இப்போது திருப்பித் தந்தால் என்ன வேண்டுமானாலும் தருவேன். என் புரோகிராமைச் சந்தேகப்படுகிறார் என்றுதான் எனக்குத் தோன்றியது. சுர்ரென்று ஏறியது. "மாஸ்டரு எல்லாருந்தான் போடறாங்க. அவங்களுக்கு ஏறலயே, உனக்கு மட்டும் எப்படி ஏறும்? ஃபைல்ல இன்னா கீதோ அதான் டிவில வருது. அது பொய் சொல்லாதுக்கா" என்றேன். லைனில் இருந்தவர்கள் எல்லாரும் கேட்கும்படி சொன்னேன்.

அக்கா ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். மெஷினில் தொங்கிய செக் ஷீட்டைப் பார்த்தார். ஷிஃப்ட் மாற்ற வந்து நின்றிருந்த இரண்டு பெண்களைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார். சொல்ல ஒன்றுமில்லாமல்தான் மூடிக்கொண்டார் என்று நினைத்தேன்.

மறுநாள் அவரைப் பேக்கிங்குக்கு மாற்றினார்கள். இரண்டு பேர் பட்டியலில் முதல் பெயர் அவருடையது என்று கேன்டீனில் பேசிக்கொண்டார்கள். பஸ்ஸில் எனக்கு இடம் போடவில்லை. பின்னால் போய் உட்கார்ந்துகொண்டார். எனக்கும் வீம்பு. உப்புத் தின்றவன் தண்ணீர் குடிக்கத்தானே வேண்டும் என்று ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

அந்த வாரமே ஒரு கஸ்டமர், குறிப்பிட்ட ஒருநாளின் டெஸ்ட் விவரம் கேட்டு மெயில் அனுப்பினார். பிரிண்ட் வேண்டாம், மெஷின் எழுதிய ஃபைலே வேண்டும் என்றார். பழையபடி பென் டிரைவை எடுத்துக்கொண்டு நூற்றி நாற்பது காலடி. மதியச் சாப்பாடு முடிந்து, ஏ.சி. குளிரில் கண் சொக்க, நோட்பேடில் அந்த ஃபைலைத் திறந்து மேலிருந்து கீழே இறக்கிக்கொண்டே வந்தேன்.

ஆறு மணி இரண்டு நிமிஷத்துக்கு ஒரு வரி. டோக்கன் பதினேழு. என்.ஜி. கடைசிக் கட்டம், நான் காலி என்று நினைத்த குறிப்புக் கட்டம், காலியாக இல்லை. இரண்டு பக்கமும் அம்பு முனை போன்ற அடைப்புக்குறிகளுக்கு நடுவே, கொட்டை எழுத்தில் 'மாஸ்டர்' என்று இருந்தது.

தூக்கம் எங்கே போனதோ தெரியவில்லை.

பி.எச்.பி. படித்த முதல் வாரமே சொல்லித் தருகிற விஷயம் இது. வலைப்பக்கத்தில் அந்த அம்பு முனை அடைப்புக்குறிக்குள் எதைப் போட்டாலும் பிரவுசர் அதைத் தனக்கிட்ட கட்டளை என்று எடுத்துக்கொள்ளும். புரியாத கட்டளை என்றால் சத்தம் போடாமல் விழுங்கிவிடும். திரையில் ஒன்றும் வராது. அதனால்தான் வெளியிலிருந்து வருகிற எந்த எழுத்தையும் காட்டுவதற்கு முன், அந்தக் குறிகளை வெறும் எழுத்தாக மாற்றும் ஒரு ஃபங்ஷன் வழியாக அனுப்ப வேண்டும். பரீட்சையில் இரண்டு மார்க் கேள்வி. எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன். புரோகிராமில் மட்டும் போடவில்லை.

பத்து மணி டீக்குப் பிறகு ஒரு மாஸ்டர் வரி. சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று. மூன்று. மெஷினை விட்டு நகர்ந்து திரும்பி வரும்போதெல்லாம் அக்கா கெட்ட பீஸைப் போட்டுப் பார்த்திருக்கிறார். ஒருமுறை அவரே சொன்னது ஞாபகம் வந்தது. "மெஷினுக்கு கண்ணு தெரியுதான்னு பாக்கறேன்டி. நான் இல்லாதப்ப எவன் கைய வச்சானோ." நான் சிரித்திருக்கிறேன்.

அது சரி, மற்றவர்களுடைய மாஸ்டர் வரி எங்கே? கீழே இறக்கினேன். இரண்டாவது ஷிஃப்டில் இல்லை. மூன்றாவதில் இல்லை. முந்தைய நாள் ஃபைலைத் திறந்தேன். அதற்கு முந்தைய நாள். ஒரு மாத ஃபைல்களையும் திறந்தேன். பதினேழைத் தவிர ஒரு டோக்கனிலும் அந்தச் சொல் இல்லை. நான் மாதிரிக்கு எடுத்த அந்த முதல் நாள், அக்கா லீவு. செக் ஷீட் கோப்பை எடுத்துப் புரட்டினேன். எல்லா நாளும், எல்லா ஷிஃப்டும், டிக், டிக், டிக். ஒவ்வொரு டிக்குக்கும் கீழே வால் நீட்டி அழகாக ஒரு கையெழுத்து. என் கையெழுத்து.

நேராகப் பேக்கிங்குக்குப் போனேன். அக்கா அட்டைப் பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"அக்கா, நீ மட்டுந்தான் மாஸ்டர் போட்டுக்கினு இருந்தியா?"

"இப்பதான் தெரிஞ்சுதா?"

"அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல? அவங்க யாரும் போடறதில்லன்னு ஒரு வார்த்த சொல்றதுக்கு இன்னா?"

டேப்பைக் கீழே வைத்தார். "நான் தப்பிக்கிறதுக்கு இன்னொருத்தி வூட்டு அடுப்ப அணைக்க சொல்றியா? அவளுங்களும் என்ன மாதிரி கான்ட்ராக்ட்டுதான். அதுவும் இல்லாம, யாரு போடறா யாரு போடலன்னு நான் இன்னாத்துக்குடி சொல்லணும்? கையெழுத்து போடறவ நீ. உனக்குத் தெரியாதா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. நான் லேசில் அழுகிற ஆள் இல்லை. அக்கா அடுத்த பெட்டியை இழுத்துக்கொண்டார்.

திரும்பி வந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். அந்த ஒரு ஃபங்ஷனைச் சேர்க்கப் பத்து நொடி போதும். மாஸ்டர் வரியை எண்ணாதே என்று சொல்ல இன்னும் ஒரு நிமிஷம். யாருக்கும் தெரியாமல் முடித்துவிடலாம். நாளைக்கு டிவியில் பதினேழும் பூஜ்யம் காட்டும். கன்ஃபர்ம் லெட்டரும் வரும். ஆனால் பட்டியல் ஏற்கெனவே எழுதியாகிவிட்டது. கெட்ட பீஸைக் கலந்து அனுப்பினாள் என்ற பெயரோடு அக்கா வெளியே போவார். அந்தப் பெயரோடு போகிறவருக்கு இந்த ரோட்டில் வேறு எந்த கேட்டும் திறக்காது. பொய் சொல்வானேன், சத்தமில்லாமல் அப்படியே முடித்துவிடலாமே என்று ஒரு கால் மணி நேரம் உட்கார்ந்துதான் இருந்தேன். பிறகு பென் டிரைவையும் செக் ஷீட் கோப்பையும் எடுத்துக்கொண்டு மேனேஜர் ரூமுக்குப் போனேன்.

"சார், அந்த மூணு என்.ஜி.யும் மாஸ்டர் பீஸ். என் புரோகிராம்தான் அத மறைச்சிடுச்சி. தப்பு என்னுது" என்று ஃபைலைத் திறந்து காட்டினேன்.

அவர் சட்டென்று பிடித்துக்கொண்டார். "அப்ப மத்த அஞ்சு பேரோட மாஸ்டர் எங்க?"

"போடல சார்."

"ஷீட்ல டிக் இருக்கே?"

"டிக் அவங்க போட்டாங்க. பாத்தேன்னு கையெழுத்து நான் போட்டேன். பாக்காம போட்டேன். அதுக்காக அவங்கள அனுப்பணும்னா மொதல்ல என்னத்தான் சார் அனுப்பணும்."

அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது கத்தியிருப்பேன். அவர் கோப்பை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். ஒவ்வொரு கையெழுத்தாகப் பார்த்தார். "உனக்கா நான் கைதட்டச் சொன்னேன்" என்று மட்டும் சொன்னார். கத்தியிருக்கலாம்.

மறுநாள் மீட்டிங்கில், தவறு என் வலைப்பக்கத்தில்தான், டோக்கன் பதினேழில் இல்லை என்று எல்லார் முன்னாலும் என்னைச் சொல்ல வைத்தார். சொன்னேன். யாரும் கைதட்டவில்லை. பட்டியல் போட டிவி கணக்கைப் பார்ப்பதை விட்டுவிட்டார்கள். விட்டுப்போன அந்த ஃபங்ஷனை அன்றைக்கே சேர்த்தேன். ஆர்டர் குறைந்தது நிஜம் என்பதால் இரண்டு பேர் போகத்தான் போனார்கள். கடைசியாகச் சேர்ந்த இரண்டு பேர். அதில் ஒரு பெண், போகும்போது என்னிடம் வந்து, "பரவால்லக்கா, கெட்ட பீஸ கலந்தேன்னு சொல்லி அனுப்பல இல்ல" என்றாள். என் கன்ஃபர்ம் லெட்டர் ஆறு மாதம் தள்ளிப் போனது. வீட்டில் காரணம் கேட்டார்கள். கம்பெனியில் எல்லாருக்கும் தள்ளிப்போட்டிருக்கிறார்கள் என்று அங்கே ஒரு பொய் சொன்னேன், அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

திங்கட்கிழமை அக்கா மெஷினுக்குத் திரும்பினார். பஸ்ஸில் இன்னும் பேச்சில்லை. ஆறு மணி ஆவதற்குள் போய் மெஷின் பக்கத்தில் நின்றேன். செக் ஷீட்டை எடுத்து, வழக்கம்போலப் பேனாவைத் திறந்தேன்.

அக்கா என் கையிலிருந்து பேனாவைப் பிடுங்கித் தன் காதில் சொருகிக்கொண்டார். மரப்பெட்டியைத் திறந்து சிவப்பு பீஸை எடுத்தார். சாவியைத் திருப்பினார். பீஸை வைத்து இறுக்கினார். காற்று உஸ்ஸென்று ஏறியது. இரண்டு பேரும் டிவியை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றோம். அரை நிமிஷம். பக்கம் ஒரு தரம் துடித்துப் புதிதாக வந்தது. சிவப்பு வரி, பதினேழு, என்.ஜி., அம்பு முனைகளுக்கு நடுவே மாஸ்டர்.

"பாத்தியா?"

"பாத்தேன்க்கா."

"நல்லா பாத்தியா?"

"நல்லா பாத்தேன்."

காதிலிருந்து பேனாவை எடுத்து என்னிடம் நீட்டினார். "இப்ப போடு."